அரிய மரபுவழி மூளை நோய்களில் மருத்துவச் சோதனைக்கான ஆயத்தப் பணிகள்

அரிய மரபுவழி மூளை நோய் ஒன்றுக்கான புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய பணிகளின் தொகுப்பு மருத்துவச் சோதனைக்கான ஆயத்தம் எனப்படுகிறது. மருத்துவச் சோதனை என்பது மருத்துவமனைகளில் 'கிளினிக்கல் டிரையல்' என்று சொல்லப்படுவதாகும். நோயுள்ள குடும்பங்களைக் கண்டறிந்து பதிவு செய்தல், மருந்து இல்லாதபோது நோய் எந்த வேகத்தில் வளர்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தல், அந்த வளர்ச்சியை எண்ணால் சொல்லும் அளவுகோல்களை உருவாக்குதல், பங்கேற்போரின் ஒப்புதலையும் பாதுகாப்பையும் உறுதி செய்தல் ஆகியவை இதில் அடங்கும்.

இப்பணிகளை மருந்து கைக்கு வந்த பிறகு தொடங்கினால் பயனில்லை. அளக்கும் முறை சரியில்லாத நிலையில் நடக்கும் சோதனையில், பயனுள்ள மருந்துகூடப் பயனற்றதாகத் தோன்றக்கூடும். நோயாளிகள் மிகச் சிலரே உள்ள நோய்களில் அத்தகைய சோதனையை மீண்டும் நடத்திப் பார்க்க எளிதில் வாய்ப்புக் கிடைப்பதில்லை. இக்கட்டுரை ஹண்டிங்டன் நோயை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணிகளை விளக்குகிறது.

அரிய நோய் என்பது எது?

அரிய நோய்க்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே வரையறை இல்லை. அமெரிக்காவில் 2,00,000 பேருக்கும் குறைவானோரைப் பாதிக்கும் நோய் அரிய நோய். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மிகாமல் காணப்படும் நோய் அவ்வாறு கருதப்படுகிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், நாட்டில் 5 லட்சம் பேருக்கு மிகாமல் பாதிக்கும் நோய்க்கான மருந்தை அரிய நோய் மருந்து என்று குறிக்கின்றன.

அரிய நோய்களில் கணிசமானவை மரபணுக் கோளாறால் வருபவை. அவற்றுள் பல, மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகின்றன. ஹண்டிங்டன் நோய், உடல் சமநிலையைக் குலைக்கும் மரபுவழி அட்டாக்சியா நோய்கள், குழந்தைகளைத் தாக்கும் பேட்டன் நோய், நரம்பு உறையைச் சிதைக்கும் லியூக்கோடிஸ்ட்ரோபி நோய்கள் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள்.

ஆயத்தம் ஏன் தேவை?

காய்ச்சலுக்கான மருந்து பலன் தருகிறதா என்பதைச் சில நாட்களில் வெப்பமானியைக் கொண்டே அறிந்துவிடலாம். மரபுவழி மூளை நோய்களில் நிலைமை வேறு. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நோய் மெதுவாக வளர்கிறது. ஓராண்டில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியதாக இருக்கலாம். ஒரு மாணவரின் மதிப்பெண் தேர்வுக்குத் தேர்வு ஐந்து மதிப்பெண் ஏறி இறங்குவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்வில் அவர் இரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்தால், படிப்பில் பின்தங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது. நோயாளியின் நிலையும் நாளுக்கு நாள், தூக்கம், களைப்பு, மனநிலை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் நோயின் உண்மையான வளர்ச்சி மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, நோயாளிகள் சிலரே. சோதனைக்குத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை, அளவீட்டில் காணப்படும் சிதறலைப் பொறுத்தது. மருந்தின் பயன் அதே அளவில் இருக்க, சிதறல் மட்டும் பாதியாகக் குறைந்தால், தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகிவிடும். அதாவது 400 பேரைக் கொண்டு நடத்த வேண்டிய சோதனையை 100 பேரைக் கொண்டு நடத்தலாம். நாடு முழுவதிலும் சில நூறு நோயாளிகளே உள்ள நோயில், சோதனை நடக்குமா நடக்காதா என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கும்.

மூன்றாவது, இழந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே நோயை முற்றவிடாமல் தொடக்கத்திலேயே தடுக்க முயல்வது பொருத்தமானது. ஆனால் அறிகுறியே தோன்றாத ஒருவரிடம் மருந்து பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வது? இக்கேள்விக்கான விடையை மருந்து வருவதற்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும்.

ஹண்டிங்டன் நோய்: ஓர் அறிமுகம்

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் 1872இல், தம் 22ஆம் வயதில் இந்நோயை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் அவருடைய பாட்டனாரும் தந்தையும் மருத்துவர்களாக இருந்தவர்கள். ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கவனித்து வந்தது, நோய் பரம்பரையாக வருவதை அவர் உணர உதவியது.

இந்நோயில் கைகால்கள் கட்டுப்பாடின்றி அசைகின்றன. சிந்தனைத் திறன் குறைகிறது. மனச்சோர்வு, எரிச்சல் போன்ற மனநல மாற்றங்களும் வருகின்றன. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் அறிகுறிகள் தொடங்கி, 15 முதல் 20 ஆண்டுகளில் மரணத்தில் முடிகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை.

நோய்க்குக் காரணமான மரபணு நான்காம் குரோமோசோமில் உள்ளது. டி.என்.ஏ.வின் சைட்டோசின், அடினைன், குவானைன் என்னும் மூன்று 'எழுத்துகள்' இம்மரபணுவின் ஓரிடத்தில் சி.ஏ.ஜி., சி.ஏ.ஜி. என்று திரும்பத் திரும்ப வருகின்றன. இது 26 முறை வரை இருந்தால் இயல்பு. 27 முதல் 35 வரை இடைநிலை. 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயல்பான ஆயுட்காலம் வாழ்பவருக்கு நோய் ஏறத்தாழ உறுதி. பொதுவாக எண்ணிக்கை கூடக்கூட, நோய் தொடங்கும் வயது குறைகிறது.

ஒருவருக்கு நோய் வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையால் அறிய முடிவதால், ஆயத்தப் பணிகளுக்கு ஹண்டிங்டன் நோய் ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

வெனிசுவேலாவில் தொடங்கிய பணி

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் உலகின் வேறெந்தப் பகுதியையும்விட மிகுதியாகக் காணப்படுகிறது. அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே 1950களில் இதைக் கண்டறிந்து எழுதினார். அதுவரை அம்மக்கள் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார்கள் என்று பலரும் எண்ணியிருந்தனர்.

அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லரின் தாய் இந்நோயால் பாதிக்கப்பட்டவர். தந்தை மில்டன் வெக்ஸ்லர் 1968இல் மரபுவழி நோய்களுக்கான ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நான்சியின் தலைமையில் ஆய்வுக் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் மரக்காய்போவுக்குச் சென்றனர். வீடு வீடாக உறவுமுறைகளைக் கேட்டு, 18,000க்கும் மேற்பட்டோர் அடங்கிய குலவழி வரைபடத்தை உருவாக்கினர். ரத்த மாதிரிகளையும் திரட்டினர்.

இம்மாதிரிகளின் துணையோடு 1983இல் ஜேம்ஸ் குசெல்லா குழுவினர், நோய்க்கான மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டறிந்தனர். பத்தாண்டு கூட்டு முயற்சிக்குப் பின் 1993இல் அந்த மரபணுவே அடையாளம் காணப்பட்டது. நான்சி வெக்ஸ்லர் தமக்கும் இந்நோய் இருப்பதை 2020இல் வெளிப்படையாக அறிவித்தார்.

நோயின் இயற்கைப் போக்கை அறிதல்

மரபணு தெரிந்த பிறகும் மருந்துச் சோதனை நடத்தத் தேவையான ஒரு தகவல் இல்லாமலிருந்தது. மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் நோய் எந்த வேகத்தில் வளரும் என்பதே அது. அதை அறியாமல், மருந்து அந்த வேகத்தைக் குறைத்ததா என்று சொல்ல இயலாது. இதற்காக நடத்தப்படுவது இயற்கைப் போக்கு ஆய்வு. இதில் மருந்து கிடையாது. பங்கேற்போர் குறித்த இடைவெளியில் வந்து பரிசோதனைகளுக்கு உட்படுவர். ஹண்டிங்டன் நோயில் இவ்வகையில் மூன்று ஆய்வுகள் முக்கியமானவை.

பிரெடிக்ட்-எச்.டி.: நோய் மரபணு உள்ள, ஆனால் நோய் உறுதிப்படாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. நோய் வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே மூளையின் சில பகுதிகள் சுருங்கத் தொடங்குவதை இது காட்டியது.

டிராக்-எச்.டி.: 2008இல் லண்டன், பாரிஸ், நெதர்லாந்தின் லெய்டன், கனடாவின் வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. நோய் வெளிப்படாதவர்கள் 120 பேர், தொடக்க நிலை நோயாளிகள் 123 பேர், நோய் மரபணு இல்லாதவர்கள் 123 பேர் என 366 பேர் பங்கேற்றனர். எந்தப் பரிசோதனை நோயின் வளர்ச்சியை நம்பகமாகக் காட்டுகிறது, எது காட்டவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் நோக்கம்.

என்ரோல்-எச்.டி.: 2012இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு. 20,000க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்துள்ளனர். பங்கேற்போரின் அடையாளம் நீக்கப்பட்ட தரவுகள் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகின்றன. புதிய சோதனை தொடங்கும்போது யாரை அழைக்கலாம் என்பதைக் காட்டும் பதிவேடாகவும் இது பயன்படுகிறது.

அளவுகோல்களை உருவாக்குதல்

ஹண்டிங்டன் நோயில் அசைவு, சிந்தனை, அன்றாடச் செயல்திறன் ஆகியவை தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. வேலை, பணக் கணக்கு, வீட்டுப்பணி, தன்னைத்தானே பராமரித்தல் போன்றவற்றைக் கொண்டு 13 முதல் 0 வரை புள்ளியிடும் முறை ஒன்று உண்டு. 13 என்றால் முழுச் செயல்திறன். குறிகளுக்கு உரிய எண்களை 90 விநாடிக்குள் பொருத்தும் தேர்வு சிந்தனையின் வேகத்தை அளக்கிறது.

எந்த அளவுகோலும் சோதனையில் பயன்படும் முன் சில கேள்விகளுக்கு விடை தர வேண்டும். ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் மதிப்பிட்டால் ஒரே புள்ளி வருமா? இதற்காகவே மதிப்பிடுவோருக்குப் பயிற்சியும் சான்றும் அளிக்கப்படுகின்றன. ஒரே தேர்வைப் பலமுறை எழுதுவதால் மட்டும் மதிப்பெண் கூடுமா? கூடும், ஆகவே பழகும்வரை முன்கூட்டியே சிலமுறை தேர்வு எழுத வைக்கும் வழக்கம் உண்டு. புள்ளியில் தெரியும் மாற்றம் நோயாளியின் வாழ்க்கையில் ஏதேனும் பொருள் உடையதா? ஒருவர் தானே சட்டைப் பொத்தானைப் போட முடிவதும், சாப்பிடும்போது புரையேறாமல் இருப்பதும் குடும்பத்துக்கு முக்கியம். இதை மருத்துவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. நோயாளிகளையும் பராமரிப்போரையும் கேட்டே அறிய வேண்டும்.

மொழியும் கவனிக்கப்பட வேண்டிய ஒன்று. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடிகிறது என்பது ஆங்கிலத்தில் வழக்கமான தேர்வு. இதைத் தமிழில் அப்படியே பயன்படுத்தினால் சிக்கல் எழும். 'க' என்று கேட்டால் 'கண்', 'கடல்' மட்டும் சரியா, 'கால்', 'கிளி', 'குடை' ஆகியவையும் சேருமா? பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடும் மொழியில் எந்த வடிவத்தை ஏற்பது? பள்ளிப்படிப்பு குறைந்தவரின் மதிப்பெண்ணை எதனோடு ஒப்பிடுவது? இவற்றை முடிவு செய்து, நலமாக உள்ள தமிழரிடம் முதலில் தேர்வை நடத்தி, இயல்பான அளவை அறிந்த பிறகே அதை நோயாளிகளிடம் பயன்படுத்த முடியும். இதுவும் ஆயத்தப் பணியே.

உடலில் இருந்தே எடுக்கும் அளவுகள் உயிர்க்குறியீடுகள் எனப்படும். எம்.ஆர்.ஐ. படத்தில் காணும் மூளைப் பகுதிகளின் கன அளவு, சிதையும் நரம்பணுக்களிலிருந்து ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தின் அளவு ஆகியவை முக்கியமானவை.

இவற்றைக் கொண்டு 2022இல் ஹண்டிங்டன் நோய் நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டது. நோய் மரபணு மட்டும் இருப்பது சுழிய நிலை. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைச் சுருக்கம் தெரிவது முதல் நிலை. அசைவிலோ சிந்தனையிலோ அறிகுறி தோன்றுவது இரண்டாம் நிலை. அன்றாடச் செயல்திறன் குறைவது மூன்றாம் நிலை. இதனால் அறிகுறி தோன்றாதவர்களையும் நிலைவாரியாகப் பிரித்துச் சோதனையில் சேர்ப்பதற்கு வழி பிறந்தது.

டோமினர்சென் சோதனை தந்த பாடம்

டோமினர்சென் என்பது நோய்க்குக் காரணமான ஹண்டிங்டின் புரதம் உருவாவதைக் குறைக்கும் மருந்து. முதுகுத்தண்டு வழியே ஊசியாகச் செலுத்தப்படுகிறது. 46 பேரிடம் நடந்த முதல் சோதனையில், தண்டுவட நீரில் அப்புரதம் குறைந்தது உறுதியானது. அப்புரதத்தை அளக்கும் முறை முன்பே உருவாகியிருந்ததால்தான் இதை அறிய முடிந்தது.

அடுத்து 791 பேரைக் கொண்ட பெரிய சோதனை 2019இல் தொடங்கியது. குடும்பங்கள் பெரிதும் நம்பிக்கை வைத்திருந்தன. ஆனால் 2021 மார்ச்சில், சோதனையைக் கண்காணித்து வந்த தனிச்சார்பற்ற குழுவின் பரிந்துரைப்படி மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றவர்களின் நிலை, போலி மருந்து பெற்றவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது.

உயிர்க்குறியீடு நல்ல திசையில் மாறினாலும் நோயாளியின் நிலை மேம்படும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை இது காட்டியது. போலி மருந்துக் குழு இல்லாதிருந்தால், அந்தச் சரிவை நோயின் இயல்பான வளர்ச்சி என்றே எண்ணியிருக்கக்கூடும். நம்பகமான அளவுகோல்களும் ஒப்பீட்டுக் குழுவும் இருந்ததால், தீங்கு தொடராமல் தடுக்கப்பட்டது. பின்னர் தரவுகளை ஆராய்ந்தபோது, இளைய, நோய் முற்றாத பங்கேற்பாளர்களுக்கு நன்மை இருக்கலாம் என்ற குறிப்புக் கிடைத்தது. அதைச் சரிபார்க்க, அத்தகையோரைக் கொண்டு, குறைந்த மருந்தளவுகளில் புதிய சோதனை தொடங்கப்பட்டது.

போலி மருந்துக் குழு அமைக்க முடியாதபோது

சில நோய்களில் பாதிப் பேருக்குப் போலி மருந்து கொடுப்பது அறமாகாது. பேட்டன் நோயின் சி.எல்.என்.2 என்னும் வகை, இரண்டு முதல் நான்கு வயதில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நடை, பேச்சு, பார்வை ஆகியவற்றைப் பறிக்கிறது. செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற மருந்தை இரு வாரத்துக்கு ஒருமுறை மூளையறைக்குள் செலுத்திச் சோதித்தபோது, மருந்து பெற்ற 23 குழந்தைகளின் நிலை, மருந்து இல்லாத காலத்தில் இயற்கைப் போக்குப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்த 42 குழந்தைகளின் நிலையோடு ஒப்பிடப்பட்டது. மருந்து பெற்றவர்களிடம் நடையும் பேச்சும் குறையும் வேகம் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2017இல் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தம் குழந்தைகளைக் காப்பாற்ற மருந்து இல்லாத நிலையிலும் பெற்றோர் கொடுத்த தகவல்களே, பிறகு வந்த குழந்தைகளுக்கு உதவின.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. ஹண்டிங்டன் நோய்க்காக மூளை அறுவைச் சிகிச்சை மூலம் ஒருமுறை செலுத்தப்படும் ஏ.எம்.டி.-130 என்ற மரபணு மருந்தைத் தயாரித்த நிறுவனம், 2025 செப்டம்பரில் மூன்றாண்டு முடிவுகளை அறிவித்தது. உயர் அளவு மருந்து பெற்றவர்களிடம் நோயின் வளர்ச்சி 75 விழுக்காடு மெதுவாகியதாக அது கூறியது. ஒப்பீட்டுக்கு என்ரோல்-எச்.டி. தரவுகள் பயன்பட்டன. ஆனால் மூன்றாண்டை நிறைவு செய்திருந்த உயர் அளவுக் குழுவினர் 12 பேரே. வெளித் தரவுகளோடு செய்த ஒப்பீடு அனுமதிக்குப் போதாமல் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கருதுவதாக, அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனமே தெரிவித்தது. பதிவேட்டில் உள்ளவர்களும் சோதனையில் சேர்ந்தவர்களும் வயது, நோயின் நிலை, மன உறுதி ஆகியவற்றில் ஒரே மாதிரியானவர்களா என்ற ஐயம் இம்முறையில் எப்போதும் எழும்.

குடும்பங்களின் உரிமைகள்

ஆயத்தப் பணிகள் குடும்பங்களின் ஒத்துழைப்பால் நடப்பவை. எனவே அவர்களின் உரிமைகளைக் காப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

அறியாதிருக்கும் உரிமை: ஹண்டிங்டன் நோய் வரும் வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதில்லை. தடுக்கும் மருந்து இல்லாத நோயைப் பற்றி முன்கூட்டியே அறிய அவர்கள் விரும்புவதில்லை. என்ரோல்-எச்.டி. ஆய்வில் இத்தகையோரும் சேரலாம். அவர்களின் முடிவு ஆய்வுக்கு மட்டும் பயன்படும், அவர்களுக்குச் சொல்லப்படாது. பரிசோதனை செய்துகொள்ள விரும்புவோருக்கு, அதற்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை அளிக்கப்பட வேண்டும். பெரியவர்களுக்கு வரும் நோயை அறியச் சிறுவர்களுக்கு இப்பரிசோதனை செய்வதில்லை. வளர்ந்த பின் அவர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது காரணம்.

மறைகாப்பு: ஒருவரின் முடிவு அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பற்றிய தகவலாகவும் ஆகிவிடுகிறது. திருமணம், வேலை, காப்பீடு ஆகியவற்றில் பாதிப்பு வரலாம். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், வேலைவாய்ப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணு அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டை அது உள்ளடக்கவில்லை.

பலனில் பங்கு: மரபணுவைக் கண்டறிய ரத்தம் கொடுத்த மரக்காய்போ மக்கள் இன்றும் வறுமையில் உழல்கிறார்கள். ஆய்வுக்கு உதவிய மக்களுக்கு அதன் பலன் எவ்வாறு சென்று சேரும் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. சோதனை முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

இந்தியாவில்

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை முதல் நபரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2007இல் தொடங்கிய இப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அறநெறிக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற்ற எழுத்து ஒப்புதலும் கட்டாயம். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வெளியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரிய மரபுவழி நோய்களுக்கான தேசியப் பதிவேட்டை நடத்துகிறது.

சோதனையிலோ இயற்கைப் போக்கு ஆய்விலோ சேர அழைக்கப்படும் குடும்பம் கேட்டறிய வேண்டியவை:

1. இதில் மருந்து கொடுக்கப்படுமா, தகவல் மட்டும் திரட்டப்படுமா?
2. போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு?
3. எத்தனை முறை வர வேண்டும்? பயணச் செலவு யாருடையது?
4. மரபணுப் பரிசோதனை முடிவு யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றால் அறியாமல் இருக்கலாமா?
5. இதில் சேர்ந்தால் வேறு சோதனையில் சேரும் தகுதி போய்விடுமா?
6. சோதனை முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா?
7. இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா?

கடைசிக் கேள்விக்கு விதிகளின்படி விடை 'இல்லை' என்பதே. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக்கூடாது. மற்ற கேள்விகளுக்கான விடைகளை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுப் பெறும் உரிமை பங்கேற்பவருக்கு உண்டு. படிவத்தின் ஒரு படியையும் அவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.